டொக்டரம்மா வரைந்த வட்டம்

அந்த அம்மாவுக்கு என் முகம் கடைசிவரை மனதில் பதிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். மாத்தளை பஸ் நிலையத்தில் எதிரே போய் நின்று வணக்கம் சொன்னாலும், இது யார் என்று ஒரு கணம் விழிப்பார். அப்புறம் அவர் பார்வை மெல்ல நகர்ந்து என் வலது கண்ணின் மூக்கோரத்தில் போய் நிற்கும். உடனே முகம் மலர்ந்துவிடும். "ஓ, டிரைவர்" என்பார். பத்தாயிரம் கண்களைக் கொட்டிக் கலந்து வைத்தாலும் என் கண்ணைத் தேடி எடுத்துத் தந்திருப்பார். அவர் எனக்குத் தந்த மரியாதை அவ்வளவும் அந்த ஒரு கண்ணுக்குத்தான்.

கண்ணில் சதை வளர்வது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. வெயில், தூசி, காற்று என்று நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு வெள்ளைவிழியில் சிவப்பாய் மெல்லிய சதை ஒன்று கிளம்பும். ஈயின் இறகு மாதிரிக் கூர் வைத்துக்கொண்டு கருவிழியை நோக்கி ஊரும். பெரிதாக வலிக்காது. வலிக்காததை யார் கவனிக்கிறார்கள்? கூர் கருவிழியின் நடுவை எட்டி, உலகம் பாதி மங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று அந்த அம்மா அலுத்துக்கொள்வார்.

அவர் யாழ்ப்பாணத்துப் பக்கம். மாற்றலாகி எங்கள் ஊருக்கு வந்த கண் டொக்டர். ஒடிசலான உடம்பு, வெளிர் நிறச் சேலை, மழை இல்லாத நாளிலும் விரித்த கறுப்புக் குடை. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு சிறு டோர்ச், குட்டி அடிமட்டம், நீலம் ஒரு முனையும் சிவப்பு மறு முனையுமாய் ஒரு பென்சில், ஒரு தடித்த கொப்பி. கண் காட்ட வருகிறவருக்கு முதலில் மருந்து இல்லை, படம்தான். கொப்பியில் நீலத்தில் ஒரு வட்டம் போடுவார். சதை எதுவரை வந்திருக்கிறதோ அதைச் சிவப்பில் தீட்டுவார். அடிமட்டத்தைக் கண்ணருகே பிடித்து அளந்து, பக்கத்தில் எழுதுவார். "மருந்து கேட்டு வந்தா இந்தம்மா சித்திரம் வரையுது" என்று வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். அவர் காதில் அது விழாது.

என் தம்பி மகளின் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தோம். வந்தவர், எல்லாரும் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லிக் கை கொடுக்கும்போது, மாப்பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "தொடக்கம்தான். தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய வாழ்த்து. பெண் வீட்டார் நாங்கள் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? பையன் மட்டும் நல்லவன், மறுநாளே தொப்பி வாங்கினான்.

ஒருமுறை சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்யும் ஒருவரை நானே கூட்டிப் போனேன். அவர் கண்ணில் இருந்தது என் கண்ணில் இருந்தது மாதிரியேதான் எனக்குத் தெரிந்தது. நானும் பெரிய வைத்தியன் மாதிரி, இதுவும் சதைதான் அம்மா, வெட்டிவிடுங்கள் என்றேன். அம்மா பதில் சொல்லாமல் கண்ணில் மருந்து விட்டு விறைக்கச் செய்து, மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றைச் சதைக்கு அடியில் நுழைத்தார். கம்பி மறுபக்கம் வந்துவிட்டது. உண்மையான சதை என்றால் அடியோடு ஒட்டிக் கிடக்கும், கம்பி போகாது. இது எப்போதோ சுண்ணாம்பு தெறித்து வெந்த புண், ஆறும்போது பாலம் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்று, செய்ய வேண்டிய வேலை வேறு. இதை அவர் எனக்குத்தான் விளக்கினார், கொஞ்சம் கண்டிப்பாகவே. அன்றோடு என் வைத்தியம் முடிந்தது.

என்னை அவர் பிடித்தது என் பஸ்ஸில்தான். நான் அப்போது வில்கமுவ ஓட்டம். ரத்தோட்டை தாண்டி மலை ஏறி, உச்சியில் ஆளைத் தூக்கும் காற்றைக் கடந்து, அந்தப் பக்கம் வயல்வெளிக்கு இறங்கும் பாதை. ஒரு நாளுக்கு ஒரே பஸ். அங்கேயே தங்கி, காலையில் திரும்பி வருவேன். அந்த வருஷம் மலையில் பனி வழக்கத்துக்கு மாறாகப் பத்து மணிவரை விலகாமல் நிற்கிறது என்று கொண்டக்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. மரங்கள் பாலில் நனைந்தவை போல் நிற்கும். எதிரே வரும் மாட்டு வண்டி, வண்டியாகத் தெரியுமுன் ஒரு வெள்ளை யோசனையாகத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண் பார்க்க ரத்தோட்டைக்குப் போவதற்காக அம்மா ஒரு நாள் முன் சீட்டில் ஏறினார். நான் பனியைப் பற்றிப் பேச, அவர் என் பக்கம் சாய்ந்து பார்த்தார். "வெளியில பனி இல்லை டிரைவர். எல்லாம் உம்மட கண்ணுக்குள்ள" என்றார்.

பார்வை குறைந்த டிரைவரை யார் ஸ்டியரிங்கில் உட்கார வைப்பார்கள்? டிப்போ வாசலில் கேட் திறந்துவிடும் வேலைதான். எனக்கு ஓட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவும் என் கைக்குள் இருந்தது. பஸ் இல்லாத ஒரு நாளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அம்மா வெட்டினார். கண்ணைத் திறந்துவைத்தபடியே சொட்டு மருந்தால் விறைக்கச் செய்துவிட்டு வெட்டினார். வலி இல்லை. தண்ணீருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, மேலே கரையில் ஆட்கள் நடமாடுவதைப் பார்ப்பது போல் இருந்தது. வெளிச்சம் ஒன்று அசையும், அதற்குள் விரல் நிழல்கள் நீந்தும், எங்கோ தூரத்தில் அவர் குரல் "அசையாதையும்" என்னும். தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. கட்டுப் பிரித்த அன்று வாசலில் நின்ற கறிவேப்பிலை மரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அழுதுவிட்டேன். எனக்குச் சுகமாகிவிட்டதா அம்மா என்று கேட்டேன்.

"ஒரு வருசம் போகட்டும். பிறகு சொல்லுறன்."

எல்லாருக்கும் அதுதான் பதில். அவர் வாயில் 'சுகம்' என்ற சொல் வராது. வாழைக்குலையோடும் தயிர்ச் சட்டியோடும் நன்றி சொல்ல வருகிறவர்களைக்கூட, கொண்டுவந்ததை வைக்க விடாமல், கண்ணைக் காட்டும் என்பார். பல்லேபொலவில் மிளகுத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வெளியே வந்து பொருமினார். "புள்ள பொறக்கவே பத்து மாசம்தான் ஆகுது. இந்தம்மாவுக்கு மட்டும் பன்னெண்டு மாசம் வேணுமாம்." வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

எட்டாம் மாதம் என் கண்ணில் சதை திரும்ப வந்தது. முன்பைவிடச் சிவப்பாக, தடிப்பாக, கோபித்துக்கொண்டு போனவன் ஆள் சேர்த்துக்கொண்டு வந்ததுபோல வந்தது.

இதைத்தான் முதலில் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. என் மனைவிதான் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"அந்தம்மா எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சாங்க. திரும்ப வந்திருச்சின்னு எந்த மொகத்தோட போய் நிப்பீங்க? அவங்க மனசு நோகாதா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒருவர் நமக்காக விருந்து சமைத்திருக்கிறார், சோறு குழைந்துவிட்டது, அதை முகத்துக்கு நேரே சொல்வோமா? கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். வெயிலுக்கு நல்லது என்று அம்மாவும் சந்தோஷப்பட்டார். கண் எப்படி என்று கேட்டபோதெல்லாம், ஓட்டத்துக்கு நேரமாகிறது என்று கண்ணாடியைக் கழற்றாமலே, தெளிவாக இருக்கிறது என்றேன்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் என் பாவம் என்னோடு. ஆனால் அம்மாவுக்கு ஒரு குடைச்சல் இருந்தது. ஒரு வருஷம் முடிந்து காட்ட வந்தவர்கள் எல்லாரும் நல்ல கண்ணோடு வந்தார்கள். வராதவர்கள்? கடிதம் போட்டுப் பார்த்தார், பதில் இல்லை. வில்கமுவப் பாதையில் இருந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்தார். நீர் போகிற வழிதானே, விசாரித்து வாரும் என்றார்.

விசாரித்தேன். வயல் வரம்பில் நின்ற ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார், திரும்ப வந்துவிட்டது, ஆனால் டொக்டர் நோனாவுக்குச் சொல்லிவிடாதே, பாவம், கவலைப்படும் என்று. அவர் சிங்களத்தில் சொன்னதை அடுத்த ஊரில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் தமிழில் சொன்னார். இன்னொரு வீட்டில் ஆள் கொல்லைப் பக்கமாக நழுவிவிட்டார், பொலன்னறுவைக்குப் போயிருக்கிறார் என்று பெண்சாதி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வந்தவர்கள் எல்லாம் நல்ல கண்ணோடு வந்ததன் ரகசியம் அதுதான். நல்லானவர்கள் தயிர்ச் சட்டியோடு வந்தார்கள். நல்லாகாதவர்கள் மரியாதைக்காக வரவில்லை. அந்த மரியாதையை எல்லாம் ஒரு தாளில் மடித்துவைத்துக்கொண்டு, எல்லாரும் நல்லாயிருக்கிறார்கள் அம்மா என்று நான் வந்து சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அம்மா கொப்பியைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு சரி அடையாளம் போட்டார். அன்று அவர் முகத்தில் இருந்த அமைதியை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. அதற்காகவே பொய் சொன்னது சரிதான் என்றுகூட நினைத்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு கொஞ்சம் கூடவே தாங்கியது.

பிறகு எனக்கு எல்கடுவ ஓட்டம் போட்டார்கள். தேயிலை மலை, வளைவுக்கு வளைவு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளின் கூரைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தப் பஸ்ஸில் மாத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண் போய்விட்டது, பால்போல் வெளுத்திருந்தது. மிச்சமிருந்த வலது கண்ணில் சதை. நுனி கருவிழியின் நடுவுக்கு ஒரு மயிரிழை தூரத்தில் நின்றது. அவளை ஆஸ்பத்திரிக்கு, ஒப்பரேஷனுக்குத்தான் அம்மா கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பயந்தாள். அது வெளிச்சம் இல்லாமல் போகிற பயம். இருக்கிறது ஒன்றே ஒன்று, அதிலும் கத்தி வைத்து, சதை கோபம் கொண்டு திரும்பி வந்தால் என்ன ஆவது என்று கேட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறையில் வெட்டினவர்கள் வில்கமுவப் பாதை முழுக்க நன்றாக இருக்கிறார்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த டிரைவரே அதுக்குச் சாட்சி."

நான் ஐந்து வேளையும் தொழுகிறவன் என்று பீற்றிக்கொள்ள முடியாது. ஆனாலும் சாட்சி என்ற சொல் என்ன கனம் என்று எனக்குத் தெரியும். ஸ்டியரிங் கையில் வழுக்கியது. அந்தப் பெண் சீட்டிலிருந்து எழும்பி என் தோளருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒங்க கண்ண ஒருக்கா காட்டுங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

பஸ்ஸை ஓரமாக நிறுத்தினேன். பின்னாலிருந்தவர்கள் என்ன ஏது என்று முணுமுணுத்தார்கள். மலைச் சரிவில் புகை மாதிரி முகில் இறங்கிக்கொண்டிருந்தது. பறித்து முடித்த தேயிலையின் பச்சை வாசம். எல்லாம் இப்போது நடப்பதுபோல் எனக்கு நினைவிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றினேன். முதலில் பார்த்தவள் அந்தப் பெண்தான். அவள் விலகி அம்மாவுக்கு இடம் விட்டாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். என் கண், தாளில் இருந்த பெயர்கள், வரம்பில் நின்றவர், பொலன்னறுவைக்குப் போகாதவர், எல்லாம். அம்மா நின்றபடியே கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லது. பையைத் திறந்து கொப்பியை எடுத்தார். நீல வட்டம் போட்டார். டோர்ச் அடித்துப் பார்த்துச் சிவப்பைத் தீட்டினார். அளந்து எழுதினார். எப்ப வந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதையும் எழுதினார். கொப்பியை மூடிய பிறகுதான் அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்டேன்.

"உங்கட மரியாதை இந்தப் பிள்ளையைக் குருடாக்கியிருக்கும், டிரைவர்."

அன்றைக்கு எனக்குச் சாக வேண்டும்போல் இருந்தது. அந்தப் பெண்ணின் ஒப்பரேஷனை அம்மா அன்றே நிறுத்திவைத்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவே குடையும் டோர்ச்சுமாக வில்கமுவ பஸ்ஸில் ஏறினார். நான் டிப்போவில் கெஞ்சி அந்த ஓட்டத்தைத் திரும்ப வாங்கியிருந்தேன். அவர் இறங்கச் சொன்ன இடத்தில் எல்லாம் பஸ்ஸை நிறுத்தினேன். வரம்பில் குடை பிடித்துக்கொண்டு நடந்து போவார். வெயிலில் நெல் மஞ்சளாகக் கிடக்கும், அதற்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி தூரமாகிக்கொண்டே போகும். பயணிகள் யாரும் அவசரப்படவில்லை, பஸ்ஸே பாதித் தூக்கத்தில் இருக்கும். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து கண் காட்டினார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டார், தான் சதையை வளர விட்டதற்கு. சரி அடையாளங்களில் பாதிக்கு மேல் அம்மா கோடு போட்டு அடித்தார்.

பிறகு ஒரு மாதம் அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பழைய புத்தகங்களும் கொழும்பிலிருந்து வந்த தாள்களுமாய் உட்கார்ந்திருந்தாராம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். சதையை வெட்டின இடத்தை வெறுமையாக விட்டதால்தான் அது திரும்ப ஊர்ந்து வருகிறது என்று தனக்குப் படுகிறது, அந்த இடத்தில் நல்ல தோலை வைத்துத் தைத்தால் நிற்கலாம் என்றார். எனக்குத் தெரிந்த பாஷையில், டியூப்புக்குப் பெட்ச் ஒட்டுவது மாதிரியா என்று கேட்டேன். அம்மா அபூர்வமாகச் சிரித்தார்.

"அப்பிடித்தான். ஆனா பெட்ச்சை அதே டியூப்பில இருந்துதான் வெட்ட வேணும்."

மேல் இமைக்கு அடியில், வெயிலும் தூசியும் காணாத மறைவில், வெள்ளைவிழியைப் போர்த்தியிருக்கும் கண்ணாடி போன்ற தோல். அதில் ஒரு துணுக்கு. சரிவரும் என்று சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இன்னும் மோசமாகலாம், யோசித்து வாரும் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? என் கண்ணில் செய்யுங்கள், எனக்கு இன்னொன்று இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு இல்லை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். கண்ணை இல்லை, முகத்தை.

அந்தப் பெண்ணிடம் அவர் சொன்னது இதுதான்: ஒரு வருஷம் பொறு, இந்த டிரைவரின் கண் ஒரு வருஷம் சுத்தமாக நின்றால் உனக்குச் செய்கிறேன். தோட்டத்தில் பேசி அவளைக் கொழுந்து மலையிலிருந்து எடுத்து, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை வைத்திருக்கும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டும் வேலைக்கு விட வைத்தார். வெயிலும் காற்றும் படாவிட்டால் சதை மெதுவாக ஊரும் என்று கணக்கு.

அந்த வருஷம் போல் நீளமான வருஷம் என் ஆயுசில் இல்லை. தைத்த இடம் கொஞ்ச நாள் மணல் அடைத்ததுபோல் உறுத்தியது, பிறகு அடங்கியது. ஒவ்வொரு காலையும் பஸ்ஸை எடுக்குமுன் கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பேன். பனிக்குள் பஸ் ஏறும்போது இது வெளிப் பனியா உள் பனியா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். கனவிலும் கண்ணாடிதான். சில கனவில் சதை வந்திருக்கும், அதை நான் தொப்பியால் மறைத்துக்கொண்டிருப்பேன். மாதம் ஒரு ஞாயிறு அந்தப் பெண் மாத்தளைக்கு வருவாள். பஸ் நிலையத்து ஆலமர நிழலில் நிற்கவைத்து, கூச்சமில்லாமல் என் இமையைத் தூக்கிப் பார்ப்பாள். ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். இன்னும் வரவில்லை அண்ணே என்பாள். அவள் கண்ணில் நுனி இம்மியளவு முன்னேறியிருப்பதை நான் பார்ப்பேன். சொல்லுவேன். இனி யாருக்கும் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஒன்பதாம் மாதம் அம்மாவுக்கு மாற்றல் வந்தது. போகும்போது, வருவேன் என்றார். வருஷம் திரும்பிய அன்று காலை பஸ் நிலையத்தில், அதே குடை. இரவு ரயிலில் வந்திருந்தார். எல்கடுவப் பெண்ணும் விடியவே வந்து என் பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா டோர்ச்சை அடித்தார். மேலே பார், கீழே பார், மூக்கைப் பார். வெகு நேரம் பார்த்தார். நீல வட்டம் போட்டார். சிவப்பு முனையைத் திருப்பவே இல்லை. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, உடுப்பை எடுத்துக்கொண்டு வா, இன்றைக்கே போவோம் என்றார். அவருடைய புது ஆஸ்பத்திரிக்கு என் மனைவியும் துணைக்குப் போனாள். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தபோது, அந்தப் பெண் பஸ்ஸின் முன் போர்டை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அது தப்பான போர்டு, கொண்டக்டர் மாற்ற மறந்திருந்தான். அதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான்.

அதற்குப் பிறகு அம்மாவை நான் நேரில் காணவில்லை. ஊர் ஊராக மாற்றலானார். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்த மாதம் ஒரு போஸ்ட்காட் வரும். அதில் நீலத்தில் இரண்டு வட்டங்கள். ஒன்று என் கண், மற்றது எல்கடுவப் பெண்ணின் கண். பார்த்து, இருந்தால் சிவப்பில் தீட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நலமா என்று ஒரு வார்த்தை இருக்காது. நாங்களும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, இரண்டு வட்டத்தையும் வெறுமையாகவே ஒரு உறையில் போட்டு அனுப்புவோம். வருஷங்கள் போயின. என் பிள்ளைகள் பெரியவர்களானார்கள். அவளுக்கும் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது வந்த போஸ்ட்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். மூக்கோரத்தில், தைத்த விளிம்புக்குப் பக்கத்தில், சிவப்பாய் ஒரு கீற்று. நூல் அளவுதான். பார்வைக்கு ஒன்றுமில்லை. எல்கடுவப் பெண்ணும் பார்த்தாள், ஆமாம் என்றாள். அவள் கண் சுத்தமாகவே இருந்தது.

என் மனைவி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள். "அம்மாவுக்கும் வயசு போயிருக்கும். நூலளவுதானே. வெறும் வட்டத்தையே அனுப்புங்க. இப்ப போய் எதுக்கு நோகடிக்கணும்?"

மகனின் பழைய சிவப்புப் பென்சிலை எடுத்தேன். மனது வரவில்லை. எவ்வளவு பாடுபட்டார் அந்த மனுசி. ரயிலில் வந்த அன்று அந்தச் சிவப்பு முனையைத் திருப்பாமல் கொப்பியை மூடியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்புறம் எல்கடுவ வளைவில் நின்ற பஸ்ஸும் ஞாபகம் வந்தது. கீற்றை அது இருந்த இடத்தில், இருந்த அளவில் தீட்டினேன். அம்மா மன்னிக்க வேண்டும் என்று எழுதப் போய், எழுதாமல் அனுப்பினேன்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. முதல்முறையாக அதில் எழுத்து இருந்தது. பொடிப்பொடியான கையெழுத்து.

"படம் கிடைத்தது. இத்தனை வருஷமும் நீர் வெறும் வட்டம் அனுப்பியபோதெல்லாம், எனக்கு நோகக் கூடாதென்று அனுப்புகிறீரோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஆகவே ஒன்றையும் கொப்பியில் ஏற்றாமல் வைத்திருந்தேன். இந்தக் கீற்றைக் கண்ட பிறகு உம்மை நம்புகிறேன். இன்று பழைய வட்டங்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். முறை நல்ல முறைதான், டிரைவர். அந்தப் பிள்ளைக்குச் சுகம் என்று சொல்லும்."

அதற்குக் கீழே அடுத்த வருஷத்துக்கு இரண்டு நீல வட்டங்கள் போட்டிருந்தார்.